கடை வாயிலில் நிற்கும் பெயர்

கடை திறக்க எண்ணுவோர் முதலில் இடம் தேடுவர். அடுத்து முதல் தேடுவர். சரக்கு, ஆள், அடுப்பு, தராசு என யாவும் தேடி முடிந்தபின், திறப்பு விழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போதுதான் பெயர்ப் பலகையின் நினைவு வரும். அப்பொழுது கையில் எஞ்சியிருக்கும் பணம் சிறிது. பொழுது அதனினும் சிறிது. அருகிலுள்ள அச்சுக்கடையில் தெய்வத்தின் படமும் கைப்பேசி எண்ணும் சேர்த்து ஒரு பிளெக்ஸ் துணியை அடித்து வாங்கி, கிடைத்த கம்பியில் இழுத்துக் கட்டி மாட்டிவிடுகிறோம். அதற்கு மாலை சூட்டிப் படமும் பிடித்துக்கொள்கிறோம். அடுத்த ஆடி மாதத்தில் அப்பலகையின் கதி யாதென்பதைத் தாராவித் தொண்ணூறடிச் சாலையிலோ, மாதுங்காவின் கடைத்தெருக்களிலோ, செம்பூர் நிலையத்தை அடுத்த அங்காடிப் பகுதியிலோ நடந்து செல்லும் எவரும் காணலாம். சிவப்பு வெளிறிப் போயிருக்கும். ஒரு மூலை கிழிந்து காற்றில் அடித்துக்கொண்டிருக்கும். தெய்வத்தின் திருமுகம் நீலம் பாரித்திருக்கும்.

இரயில்வேயில் குமாஸ்தாவாக ஊழியம் செய்யும் நமக்குப் பலகை எழுதும் தொழில் தெரியாது. ஆயினும் நாள்தோறும் எத்தனையோ பெயர்ப் பலகைகளைக் கடந்து செல்கிறோம். அவற்றுள் எது நிற்கிறது, எது வீழ்கிறது, ஏன் என்பதைப் பார்த்தும் கேட்டும் படித்தும் அறிந்தவற்றை நம் வணிகக் குடும்பங்களின் முன் வைப்பது பயனுடைத்து என்று கருதியே இதனை எழுதலானோம். நாம் சொல்ல விழைவது ஒன்றே. இந்த நகரில் பலகையைத் தேர்ந்தெடுக்கையில் அழகை முதலில் எண்ணலாகாது. மழையையும், காற்றையும், சட்டத்தையும், தெருவில் நடப்பவன் தலையையும் எண்ணிய பிறகே அழகை எண்ண வேண்டும்.

வானமும் கடலும்

நம்மவருள் பலர் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் அதனைச் சூழ்ந்த மாவட்டங்களிலிருந்தும் வந்தவர்கள். அங்கே ஒரு தகரப் பலகையில் எண்ணெய் வண்ணத்தால் எழுதி மாட்டினால் பல ஆண்டுகள் கவலையின்றி இருக்கலாம். அந்த அனுபவத்தை இங்கே கொண்டுவருவது பிழை. சென்னையில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையின் சராசரி ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். மும்பையின் சாந்தாகுருஸ் வானிலை நிலையத்திலோ ஜூன் முதல் செப்டம்பர் முடிய நான்கே மாதங்களில் 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. 2005 ஜூலை 26 அன்று அந்த நிலையத்தில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பதிவாயிற்று. அந்நாளை மறந்த மும்பைவாசி இரார்.

மழை மட்டுமன்று. இந்நகரைக் கடலும் கழிமுகங்களும் சூழ்ந்திருக்கின்றன. உப்பைச் சுமந்துவரும் ஈரக்காற்று இரும்பை இரவும் பகலும் அரிக்கிறது. செம்பூரையும் அதனை அடுத்த துரோம்பேயையும் சார்ந்த பகுதிகளில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் உர ஆலையும் இருப்பதனால், புகையும் தூசியும் பலகைமேல் படிந்து ஈரத்தோடு கலந்து அரிப்பை விரைவாக்குகின்றன. மழை நின்றபின் வரும் வெயிலோ, அச்சு மையின் நிறத்தைக் கொல்கிறது. அச்சு வண்ணங்களில் மஞ்சளும் செந்நிறமும் முதலில் மங்கும். நீலமும் கருமையும் பின்னர்தான் மங்கும். படங்கள் யாவும் நாளடைவில் நீலமாகத் தோன்றுவது இதனாலேயே.

எப்பொருள் ஏற்றது?

பிளெக்ஸ் என்பது பி.வி.சி. பூசிய துணி. ஒரு வாரத் தள்ளுபடி விற்பனைக்கும் ஒரு திருவிழாவுக்கும் அது போதும். நிலையான பெயர்ப் பலகைக்கு அது உரியதன்று. 100 மைக்ரானுக்குக் குறைந்த கனமுள்ள பி.வி.சி. பதாகைகள் 2022 ஜூலை முதல் நாடெங்கும் தடை செய்யப்பட்டுள்ளன என்பதையும் நினைவிற் கொள்க.

மலிவு என்ற சொல்லுக்கு நாம் குமாஸ்தாக் கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். கணக்கு விளங்கும்பொருட்டு, பிளெக்ஸ் பலகை ஒன்றுக்கு 2,500 ரூபாய் என்றும், அது ஒன்றரை ஆண்டு உழைக்கும் என்றும் வைத்துக்கொள்வோம். பத்தாண்டில் ஏழு முறை மாற்ற வேண்டும். செலவு 17,500 ரூபாய். உறுதியான பலகை ஒன்றுக்கு 15,000 ரூபாய் என்று கொண்டால், அது அப்பத்தாண்டையும் கடந்து நிற்கக்கூடும். மேலும், பிளெக்ஸ் மங்கிய பின்னும் நாம் உடனே மாற்றுவதில்லை. ஆறு மாதம் தள்ளிப்போடுகிறோம். அந்த ஆறு மாதமும் கடையின் முகம் வாடியிருப்பதால் ஏற்படும் நட்டம் எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. அன்பர்கள் தாம் விசாரித்து அறிந்த விலைகளை இக்கணக்கில் இட்டுப் பார்ப்பார்களாக.

இன்று பெரிதும் வழங்குவது ஏ.சி.பி. எனப்படும் தகடு. மெல்லிய இரண்டு அலுமினியத் தகடுகளின் நடுவே பிளாஸ்டிக் உள்ளீடு வைத்து அழுத்தியது. 3 அல்லது 4 மில்லிமீட்டர் கனத்தில் கிடைக்கிறது. துருப்பிடியாது, எடை குறைவு, துடைத்தால் தூய்மையாகும். அதன்மேல் அக்ரிலிக் அல்லது உலோக எழுத்துகளைப் பொருத்துவர். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாதாரண ஏ.சி.பி.யின் உள்ளீடான பாலிஎத்திலீன் எளிதில் தீப்பற்றும். 2017 ஜூன் 14 அன்று இலண்டன் மாநகரில் கிரென்ஃபெல் கோபுரம் என்னும் அடுக்குமாடிக் குடியிருப்பில் மூண்ட தீ, அதன் புறச்சுவரில் போர்த்தியிருந்த இத்தகைய தகடுகளின் வழியே மேலேறிப் பரவியது. 72 பேர் மாண்டனர். தோசைக்கல்லும் எண்ணெய்ச் சட்டியும் வாயிலிலேயே வைத்திருக்கும் உணவுக்கடைக்காரர்கள் தீத்தடுப்பு வகைத் தகடுதான் வேண்டும் என்று கேட்டு வாங்குவதோடு, அடுப்புக்கும் பலகைக்கும் நடுவே போதிய இடைவெளியும் விட வேண்டும்.

அக்ரிலிக் ஒளி புகும் பொருள்; உள்ளே விளக்கு வைக்க ஏற்றது. அது வெப்பத்தில் விரியும் இயல்புடையது. ஒரு மீட்டர் நீளத் தகடு 30 பாகை வெப்ப மாறுதலில் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும். ஆகவே திருகாணி போகும் துளை ஆணியைவிடச் சற்றுப் பெரிதாக இருத்தல் வேண்டும். இறுக்கிப் பிடித்தால் ஒரு கோடையிலேயே துளையைச் சுற்றி விரிசல் காணும்.

துருப்பிடியா எஃகு என்று சொல்லி விற்பவை எல்லாம் ஒன்றல்ல. 304 என்னும் வகை பொதுவான பயனுக்கு நல்லது. 316 என்னும் வகையில் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்புக்காற்றை அது மேலும் தாங்கும், விலையும் கூடுதல். அவற்றினும் மலிவான வகைகளைப் பளபளப்பாகத் தேய்த்துக் கொடுத்துவிடுவதும் உண்டு. இரண்டு மழைக்காலம் கழிந்தால் பழுப்புக் கறை அதனைக் காட்டிக்கொடுக்கும். பார்வையால் வகை அறிதல் அரிது. எனவே வகையின் எண்ணைப் பில்லில் எழுதி வாங்குவதே வழி.

பின்னால் தாங்கும் சட்டம் பெரும்பாலும் இரும்புக் கோணமாகவே இருக்கும். அது துத்தநாக முலாம் பூசியதாக இருப்பது நல்லது. பற்றவைத்த இடங்களில் முலாம் கருகிப்போவதால் அவ்விடங்களில் மட்டும் துத்தநாக வண்ணத்தை மீண்டும் பூச வேண்டும். அலுமினியத் தகட்டை வெறும் இரும்பு ஆணியால் அடித்தால் ஈரத்தில் இரண்டு உலோகங்களும் தொடும் இடத்தில் அலுமினியம் விரைந்து அரிபடும்; நடுவே நைலான் வாஷர் இடுக.

பழைய எனாமல் பலகைகளைப் பற்றியும் ஒரு சொல். இரும்புத் தகட்டின்மேல் கண்ணாடித் தூளைப் பரப்பி, ஏறக்குறைய 800 பாகை சூட்டில் உருக்கிப் படியவைத்துச் செய்யப்படுபவை அவை. வெயிலால் நிறம் மங்குவதில்லை. இலண்டன் சுரங்க இரயில் நிலையங்களில் இன்றும் அவ்வகைப் பலகைகளே பெரும்பாலும் நிற்கின்றன. கல்லடி பட்டுக் கண்ணாடி பெயர்ந்தால் மட்டும் அவ்விடத்தில் துரு நுழையும். நம்மவர் கடைகளில் பாட்டனார் காலத்து எனாமல் பலகை எங்கேனும் கிடந்தால் அதனைப் பழைய இரும்புக்காரனுக்குப் போடாதிருப்பார்களாக.

மராத்தி எழுத்து

மகாராஷ்டிரக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டது. அதற்கு 2022-இல் கொணர்ந்த திருத்தத்தின்படி, பணியாளர் பத்துப் பேருக்குக் குறைந்த சிறு கடைகளும் உட்பட எல்லாக் கடைகளும் தம் பெயரைத் தேவநாகரி எழுத்தில் மராத்தியில் எழுத வேண்டும். மராத்தி முதலில் வர வேண்டும். பிற மொழி எழுத்துகளைவிட அது சிறியதாக இருத்தல் கூடாது. இதனை எதிர்த்துச் சில்லறை வணிகர் சங்கம் ஒன்று தொடுத்த வழக்கை மும்பை உயர் நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தள்ளுபடி செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றபோது, 2023 செப்டம்பர் 25 அன்று வணிகர்களுக்கு இரண்டு மாத அவகாசம் தரப்பட்டது. அவகாசம் கழிந்ததும் நவம்பர் இறுதியில் மாநகராட்சியின் ஆய்வாளர்கள் தெருத்தெருவாக வந்தனர். பணியாளர் ஒருவருக்கு 2,000 ரூபாய் வரை அபராதம் என்பது விதி. 2024 ஏப்ரலில், இணங்காத கடைகளுக்குச் சொத்து வரி இரு மடங்காகும் என்ற அறிவிப்பும் வந்தது.

இவ்விதி பற்றி நம்மவர் சிலர்க்கு மனவருத்தம் உண்டு. 1960-களின் பிற்பகுதியில் தென்னிந்தியருக்கு எதிரான கிளர்ச்சி நடந்தபோது இந்நகரில் நம் உணவு விடுதிகள் தாக்கப்பட்டதைக் கண்டவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்கள் பலகையைப் பற்றிய எந்த உத்தரவையும் அச்சத்தோடு நோக்குவது இயற்கையே. எனினும் இரண்டு செய்திகளை அமைதியாக எண்ணிப் பார்க்க வேண்டும். முதலாவது, தமிழ்நாட்டிலும் கடைப் பெயர்ப் பலகையில் தமிழே முதன்மையாக விளங்க வேண்டும் என்ற விதி நெடுங்காலமாக உண்டு. அதனை நாம் விரும்பி வரவேற்கிறோம். இரண்டாவது, மகாராஷ்டிரச் சட்டம் தமிழை விலக்கவில்லை. மராத்தி முதலிலும் குறையாத அளவிலும் இருந்தால், அதன்கீழ்த் தமிழும் ஆங்கிலமும் எழுதத் தடையில்லை. நம் கடைக்கு வரும் அண்டைவீட்டு மராத்தியரும் பெயரைப் படித்து உள்ளே வருவராயின் இலாபம் யாருக்கு?

விதிக்கு இணங்குவதில் கருத்தூன்ற வேண்டிய இடம் ஒன்று உண்டு. பெயரை இந்தி எழுதத் தெரிந்தவர் எவரிடமேனும் கொடுத்து எழுதி வாங்குவது பெருவழக்காக இருக்கிறது. மராத்தியில் ளகரத்துக்குத் தனி எழுத்து உண்டு. அன்றாட இந்தியில் அது வழங்குவதில்லை. இந்தி வழக்கில் எழுதினால் வள்ளி ஸ்டோர்ஸ் வல்லி ஸ்டோர்ஸ் ஆகும். காளியம்மாள் காலியம்மாள் ஆகிவிடுவாள்! மராத்தி ளகரத்தை இடுமாறு கேட்டால் இக்குறை தீரும். மராத்தி படித்த நம் பிள்ளைகள் வீட்டுக்கு வீடு இருக்கின்றனர். அவர்களிடம் ஒருமுறை காட்டித் திருத்திக்கொள்வதில் குறைவேதும் இல்லை.

தமிழ் எழுத்துக்கும் இடர் உண்டு. அச்சுக்கடைக் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லாவிடின் கொம்பு ஓரிடத்திலும் கால் ஓரிடத்திலும் சிதறிப்போகும். அதனைப் பிழையென்று அறியாத பணியாளர் அப்படியே வெட்டி ஒட்டிவிடுவார். ஆகவே பெயரைத் தெரிந்தவர் ஒருவர் எழுத்துருவோடு பொதிந்த கோப்பாகக் கொடுத்து, வெட்டுவதற்கு முன் தாளில் ஒரு மாதிரி எடுத்து எழுத்துக்கு எழுத்துச் சரிபார்த்துக் கையொப்பம் இடுதல் வேண்டும். புள்ளிகளைத் தனியே எண்ணுக. தனித்து ஒட்டப்படும் சிறு புள்ளிதான் முதல் மழையில் உதிர்வது. புள்ளி போனால் பால் பாலவாகும், நெய் நெயவாகும்.

படிப்பதற்கே பலகை

எப்படிப் படிக்கும்படி எழுதுவது என்பதற்கு நம் நாட்டில் இரயில் நிலையப் பெயர்ப் பலகையினும் சிறந்த பாடம் இல்லை. மஞ்சள் தளம், கருமை எழுத்து, வேறு அலங்காரம் கிடையாது. ஓடும் வண்டியிலிருந்து, மழைச்சாரலின் ஊடே, விடியற்காலை அரையிருட்டில், தூக்கம் கலையாத கண்ணும் படிக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். தமிழ்நாட்டு நிலையங்களில் தமிழ், இந்தி, ஆங்கிலம் என்ற வரிசையிலும், இங்கே மராத்தி, இந்தி, ஆங்கிலம் என்ற வரிசையிலும் பெயர்கள் நிற்கின்றன. மும்பையின் பல நிலையங்களில் மராத்திப் பெயரும் இந்திப் பெயரும் எழுத்து மாறாமல் ஒன்றாகவே இருப்பினும் இரண்டும் எழுதப்பட்டுள்ளன. எவர்க்குரியது எவ்விடம் என்பதில் ஐயம் இல்லை. எழுத்தளவில் போட்டியும் இல்லை.

எழுத்தின் அளவுக்கு எளிய வாய்பாடு ஒன்று பலகைத் தொழிலில் வழங்குகிறது: பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம். சாலையின் எதிர்ப்புறம் நாற்பதடி தூரத்தில் நிற்பவர் தயக்கமின்றிப் படிக்க நான்கு அங்குல எழுத்து வேண்டும். நம் எழுத்துகளில் வளைவும் சுழியும் மிகுதி. தேவநாகரியில் தலைக்கோட்டுக்கு மேலும் கீழும் குறியீடுகள் வரும். ஆகவே இவ்விரண்டுக்கும் ஆங்கிலத்தினும் சற்றுப் பெரிய எழுத்தும், வரிகளின் நடுவே தாராளமான இடமும் தேவை. பெயர், தொழில், வேண்டுமானால் தொடங்கிய ஆண்டு ஆகிய மூன்றும் போதும். விற்கும் சரக்கு அனைத்தையும் பலகையில் ஏற்றினால் பார்ப்பவர் கண் எதிலும் நில்லாது. மேலும், தெருவுக்கும் நகரத்துக்கும் பெயர் மாறுவதை இந்த ஊரில் கண்டிருக்கிறோம். 1995-இல் பம்பாய் மும்பை ஆயிற்று. 2018-இல் எல்பின்ஸ்டன் ரோடு நிலையம் பிரபாதேவி ஆயிற்று. மாறக்கூடிய முகவரியையும் தொலைபேசி எண்ணையும் பிரதான பலகையில் எழுதாமல், கழற்றி மாற்றக்கூடிய சிறு தகட்டில் எழுதுவது சிக்கனம்.

காட்கோபர் கற்பித்தது

இனி நாம் கூறப்போவது இக்கட்டுரையின் உயிர்ப்பகுதி. செம்பூர் சேடா நகர் முருகன் கோயிலுக்குச் செல்லும் அன்பர்கள் நெடுஞ்சாலைச் சந்திப்பை நன்கு அறிவர். அதற்குச் சிறிது தொலைவில், காட்கோபர் கிழக்கில், ஒரு பெட்ரோல் நிலையத்தை ஒட்டி ஒரு மாபெரும் விளம்பரப் பலகை நின்றது. 2024 மே 13 அன்று பிற்பகலில் புழுதிக்காற்று எழுந்து மழை இறங்கியது. நனையாதிருக்கவும் வண்டிக்கு எண்ணெய் இடவும் பெட்ரோல் நிலையத்தின் கூரைக்கடியில் நின்றோர்மேல் அப்பலகை சாய்ந்தது. 17 பேர் உயிரிழந்தனர். எழுபதுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். அதன் அளவு ஏறத்தாழ 120 அடிக்கு 120 அடி. மாநகராட்சி அனுமதிக்கும் பேரளவு 40 அடிக்கு 40 அடிதான். நீளமும் அகலமும் மும்மடங்கு என்றால் பரப்பு ஒன்பது மடங்கு; காற்று அதன்மேல் செலுத்தும் விசையும் ஒன்பது மடங்கு.

“அது மலைபோன்ற பலகை, நம்முடையது பத்தடிப் பலகைதானே?” என்று கேட்கலாம். கணக்கிட்டுப் பார்ப்போம். கட்டடங்களின்மேல் காற்றின் சுமையை வகுத்துரைக்கும் இந்தியத் தர விதியான ஐ.எஸ். 875, மும்பைக்கு அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 44 மீட்டர் என்று கொள்கிறது. அதாவது மணிக்கு ஏறக்குறைய 158 கிலோமீட்டர். அந்த வேகத்தில் காற்று ஒரு சதுர அடிக்கு ஏறத்தாழ 11 கிலோ பாரத்தோடு தள்ளும். பத்தடி நீளமும் மூன்றடி உயரமும் உள்ள பலகையின் பரப்பு 30 சதுர அடி. அதன்மேல் விழும் பாரம் 330 கிலோ. ஐந்து ஆட்கள் ஒருங்கே தொங்குவதற்கு ஒப்பாகும் அது. அவ்வளவையும் தாங்க வேண்டியவை சுவரில் பதிந்த நான்கைந்து ஆணிகளே. வேகம் பாதியானால் பாரம் நாலிலொன்றாகும் என்பது உண்மை. ஆனால் புயல் நம்மைக் கேட்டு வேகத்தைக் குறைத்துக்கொள்வதில்லை. 2021 மே மாதத்தில் டவ்தே புயல் இந்நகரை உரசிச் சென்றபோதே எத்தனை மரங்கள் சாய்ந்தன என்பதைக் கண்டோம். சென்னையிலும் 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணைச் சாலையில் ஒரு பேனர் வண்டியோட்டிச் சென்ற இளம்பெண்ணின்மேல் விழுந்து அவர் உயிரைக் கொண்டுபோனதை நாடே அறியும். அப்பேனர் பெரிதன்று.

ஆகவே பலகையை மாட்டும் வேலையை ஏணி வைத்திருப்பவர் எவரிடமும் ஒப்படைத்துவிடலாகாது. விரியும் போல்ட்டுகள் கான்கிரீட் உத்தரத்திலோ தூணிலோ இறங்க வேண்டும். பூச்சில் இறங்கிய போல்ட் பிடிப்பற்றது. பழைய செங்கல்லில் இறங்கியது ஐயத்துக்குரியது. தாராவியின் பல கடைகளில் மேற்சுவர் வெறும் தகரமாக இருப்பதுண்டு. அத்தகைய இடங்களில் தகரத்தில் மாட்டாமல், தரையிலிருந்தோ உறுதியான தூணிலிருந்தோ எழும் இரும்புச் சட்டத்தில் பலகையைப் பொருத்துவதே தக்கது. சாலையின்மேல் நீட்டிக்கொண்டிருக்கும் இருபுறப் பலகையைக் காற்று இருபுறமும் அசைக்கும்; அதற்கு மேலும் கீழும் தாங்கு கம்பி வேண்டும். கூரைமேல் நிறுத்தும் பலகைக்கு மாநகராட்சியின் அனுமதியும் கட்டடப் பொறியாளரின் சான்றும் இன்றியமையாதவை. அவ்வகையை நம் சிறு கடைகள் தவிர்த்துவிடுவதே மேல்.

விளக்கும் மின்சாரமும்

எல்.இ.டி. விளக்குகள் வந்தபின் ஒளிரும் பலகை எளியோர்க்கும் எட்டுவதாயிற்று. இதில் மூன்று எச்சரிக்கைகள் போதும். விளக்கின்மேல் ஐ.பி. 65 அல்லது 67 என்ற குறி உள்ளதா என்று பார்க்க வேண்டும். முதல் இலக்கம் தூசியையும் இரண்டாம் இலக்கம் நீரையும் தடுக்கும் ஆற்றலைக் குறிக்கும். மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டியை மழை படாத உள்ளிடத்தில் வைக்க வேண்டும். பலகைகளில் முதலில் கெடுவது விளக்கன்று, அப்பெட்டியே. பலகைக்கெனத் தனி இணைப்பும், நில இணைப்பும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டித்துவிடும் சாதனமும் இருக்க வேண்டும். நனைந்த உலோகப் பலகையில் மின்சாரம் கசிந்தால், அதனடியில் குடை மடக்கி நிற்கும் பள்ளிப் பிள்ளைக்கு அதனை அறியும் வழியில்லை. விளக்கெரியும் பலகைக்கு வார்டு அலுவலகத்தில் லைசென்ஸ் பெற வேண்டும் என்பதையும் மறவற்க. தாராவிக்கு ஜி வடக்கு வார்டு, மாதுங்காவுக்கு எஃப் வடக்கு, செம்பூருக்கு எம் மேற்கு.

ஆண்டுக்கு மூன்று நாள்

பலகை வாங்கிய அன்றே அதன் கவலை தீர்ந்தது என்று எண்ணுவது நம்மிடையே பரவியுள்ள வழக்கம். நமக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் தாராவியில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். பக்கத்துப் பட்டறையில் வெல்டிங் செய்யும் தம்பி ஒருநாள் அண்ணாந்து பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, அந்த நட்டைத் தொட்டுப் பாத்து எத்தன வருசமாச்சு?” என்று கேட்டாராம். “மாட்டுன அன்னிக்கி நீங்கதானே தொட்டிய!” என்று இவர் சொன்னாராம். ஏணி வைத்து ஏறிப் பார்த்ததில், ஆறு போல்ட்டுகளில் இரண்டு கையோடு வந்துவிட்டன. நகைப்புக்குரிய செய்தியாயினும், அதன்கீழ் நாள்தோறும் எத்தனை பேர் நின்று அரிசி வாங்கினர் என்று நினைக்கும்போது நகைப்பு நின்றுவிடுகிறது.

ஆண்டுக்கு மூன்று நாள் ஒதுக்கினால் போதும். முதல் நாள் மே மாதத்தின் முதல் வாரத்தில், மழைக்கு முன். அன்று ஏணி ஏறி ஒவ்வொரு போல்ட்டையும் சாவியால் சோதித்து, துருவேறியதை மாற்றி, சட்டத்தின் துருவைச் சுரண்டி வண்ணம் பூச வேண்டும். பெட்டிப் பலகையாயின் அடியில் நீர் வடியும் துளைகள் அடைபட்டுள்ளனவா என்று பார்க்க வேண்டும். துளையில்லாத பெட்டி மழைநீரைத் தொட்டிபோல் தேக்கி எடையைக் கூட்டும். இரண்டாம் நாள், பெருங்காற்று வீசிய மறுநாள். அது எந்நாளாயினும் சரி. மூன்றாம் நாள் தீபாவளிக்கு முன். அன்று மென்மையான சோப்பு நீரால் கழுவித் துடைத்தால் புதியதுபோல் விளங்கும். அக்ரிலிக்மேல் தின்னர் முதலிய கரைப்பான்களைப் பயன்படுத்தினால் நுண்ணிய கீறல்கள் வலைபோல் படரும். பலகையின் பின்புறத்தை மும்பைப் புறாக்கள் தம் மனையாக்கிக்கொள்வது வழக்கம். அவற்றின் எச்சம் வண்ணத்தையும் உலோகத்தையும் தின்னும். முட்டையும் குஞ்சும் இல்லாத வேளை பார்த்துச் சுத்தம் செய்து வலையடித்து அடைப்பது நன்று.

இம்மூன்று நாளையும் நாட்காட்டியில் குறித்து வைப்பதோடு, பலகையைச் செய்தவரின் பில், பொருளின் வகை எண், மாட்டிய நாள், லைசென்ஸ் நகல் ஆகியவற்றை ஓர் உறையில் இட்டு, கடையின் குமாஸ்தா லைசென்ஸோடு சேர்த்து வைக்க வேண்டும். இந்நகரில் கடைப் பதிவுச் சான்றைக் குமாஸ்தா லைசென்ஸ் என்றே அழைக்கின்றனர். குமாஸ்தாவாகிய நாம் தாளைச் சேர்த்து வைக்கச் சொல்வதில் வியப்பில்லை.

தாராவி வணிகர்களுக்கு இன்னும் ஒரு சொல். மறுசீரமைப்புத் திட்டத்தின் பொருட்டு 2024 மார்ச்சில் வீடுகளையும் கடைகளையும் கணக்கெடுக்கும் பணி தொடங்கிற்று. எக்கடை எங்கே செல்லும் என்பது அவரவர் கவலையாக இருக்கும் இவ்வேளையில், “இடமே நிலையில்லை, பலகைக்கு ஏன் செலவு?” என்று சிலர் கேட்கின்றனர். அக்கேள்வியில் நியாயம் உண்டு. அத்தகையோர் சுவரோடு ஒட்டிய பலகையைச் செய்யாமல், நான்கு போல்ட்டைக் கழற்றினால் முழுதாக இறங்கிவரும் பலகையைச் செய்துகொள்ளலாம். ஆறடிக்கு மிகாமல் இரு துண்டாக அமைத்தால் எந்தக் கடையின் நெற்றிக்கும் பொருந்தும். கடை மாறினாலும் பெயர் உடன் வரும்.

பெயரைத் தவிர வேறொன்றும் கொண்டுவராமல் இந்நகருக்கு வந்த முன்னோர் பலர். தோல் பதனிடும் தொட்டியிலும் ஆலையிலும் இரயில் பாதையிலும் உழைத்துச் சேர்த்ததைக் கொண்டு அவர்களோ அவர்கள் மக்களோ ஒரு கடை வைத்தபோது, தாயின் பெயரையோ ஊர்த் தெய்வத்தின் பெயரையோ அதற்கு இட்டனர். அந்தப் பெயர் வெளிறாமலும் பிழையின்றியும் நிற்க வேண்டும். எவர் தலையிலும் விழாமலும் நிற்க வேண்டும். மே மாதம் பிறந்தவுடன் அன்பர்கள் ஓர் ஏணியை இரவல் வாங்கி அந்த நட்டுகளைத் தொட்டுப் பார்ப்பார்களாக.